காசுக்குச் சாட்சி: நாணயத் தரப்படுத்தல் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மர்ஹூம் வாப்பா விட்டுச் சென்ற தகரப்பெட்டிக்குள் பழங்காசுகள் நாற்பத்துச் சொச்சம் கிடந்தன. பெரும்பாலானவை எவர் வீட்டிலும் இருக்கக்கூடியவைதான். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட சதங்கள், விளிம்பு நெளிந்த இரண்டு சதங்கள், எழுத்தே தெரியாமல் தேய்ந்துபோன சில செப்புத் துண்டுகள். இரண்டு மட்டும் வேறு சாதி. ஒன்று 1870 என்று ஆண்டு பொறித்த பெரிய செப்பு ஐந்து சதம். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபக்கம் நடுவில் ஒரு மரம், அதன் இருபுறமும் சிங்கள எழுத்தும் தமிழ் எழுத்தும். இலங்கையில் ரூபாய்-சதக் கணக்கு 1872இல் நடைமுறைக்கு வந்தபோது புழங்கிய முதல் காசுகளில் அதுவும் ஒன்று.

மற்றது, காசென்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிற பொருள். விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கம்பி. நடுவில் மடித்து இரட்டையாக்கி, முனையைத் தூண்டில்போல வளைத்திருக்கிறது. மடித்த கம்பியின்மேல் அறபு எழுத்துப்போல ஏதோ பதிந்திருக்கும். பாரசீகத்தின் தென்புறத்திலுள்ள லார் என்ற ஊரின் பெயரால் இதை லாரின் என்பார்கள். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஹோர்முஸ் துறைமுகம் தொடங்கி இந்துமாகடல் வணிகப் பாதை நெடுகவும் கைமாறிய காசு இது. மாலைதீவில் இன்றும் ஒரு ரூஃபியாவுக்கு நூறு லாரி என்று கணக்குச் சொல்கிறார்களே, அந்த லாரியும் இந்த லாரின்தான்.

கட்டாரில் வேலை செய்யும் என் ராத்தாவின் மகன் போன வருடம் லீவில் வந்தபோது இந்தப் பெட்டியைக் கிளறிவிட்டான். "மாமா, இதுகள அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேட் பண்ணி எடுக்கணும். சும்மா பெட்டிக்குள்ள கிடந்தா வெறும் காசு. சிலாப்புக்குள்ள போனா அதுக்கு ஒரு மதிப்பு" என்றான். தரப்படுத்தல் என்றதும் எம் நாட்டவருக்குப் பல்கலைக்கழக அனுமதிதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். பின்னர்தான் காசுக்கும் ஒரு தரப்படுத்தல் இருக்கிறது, அதற்கென்று ஒரு வரலாறும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஐந்து சதத்தை அவனிடம் கொடுத்தேன். லாரினுக்கு மட்டும் "பிறகு பாப்பம்" என்றேன். அப்போது அதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அனுப்புகிற முறை பரீட்சைக்கு விண்ணப்பிப்பதுபோலத்தான். ஒவ்வொரு காசுக்கும் நாடு, ஆண்டு, பெறுமதி ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்ப வேண்டும். அனுப்புகிறவர் தன் காசு எவ்வளவு பெறும் என்று ஒரு தொகையைக் குறிக்க வேண்டும். அந்தத் தொகைக்கேற்பக் கட்டணம் கூடும் குறையும். தபாலில் தொலைந்தால் காப்புறுதிப் பணமும் அதை வைத்தே கிடைக்கும். காசைக் கழுவவோ துடைக்கவோ கூடாது. மென்மையான, தெளிந்த பிளாஸ்டிக் உறையில் ஒன்றொன்றாக இட்டு அனுப்ப வேண்டும். மலிவான பிளாஸ்டிக் உறைகளிலிருந்து கசியும் இரசாயனம் செப்பின்மேல் பச்சையாகப் படிந்துவிடுமாம். காசு அங்கே போய்ச் சேர்ந்ததும் உரிமையாளர் பெயர் அதைவிட்டுப் பிரிந்துவிடுகிறது. தரமிடுகிறவருக்குக் காசும் ஒரு இலக்கமும் மட்டுமே தெரியும். ஒருவருக்கு மேற்பட்டோர் தனித்தனியே பார்த்துப் புள்ளி போடுகிறார்கள், கடைசியில் ஒருவர் முடிவு செய்கிறார். எமது உயர்தர விடைத்தாள்கள் சுட்டெண்ணோடு போவதும் இந்த நியாயத்தில்தான். பிறகு காசைக் கடினமான பிளாஸ்டிக் பேழைக்குள் வைத்து மூடி முத்திரையிடுகிறார்கள். அந்தப் பேழைக்குத்தான் சிலாப் என்று பெயர். உடைத்தால் உத்தரவாதமும் போய்விடும்.

புள்ளி 1 முதல் 70 வரை. நூறு என்றில்லாமல் எழுபது என்று ஏன் நின்றது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் வில்லியம் ஷெல்டன் என்ற மனிதரைச் சந்தித்தேன். அவர் அமெரிக்க உளவியலாளர். மனிதரின் உடலமைப்பை மூன்று வகையாகப் பிரித்து, உடலைப் பார்த்தே குணத்தைச் சொல்லலாம் என்று வாதிட்டவர். அமெரிக்காவின் ஆரம்பகாலப் பெரிய செப்புச் சதங்களைச் சேகரிப்பதில் பித்துக்கொண்டவர். 1949இல் அச்சதங்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த அளவுகோலை முன்வைத்தார். மிக மோசமாகத் தேய்ந்து, இன்ன காசு என்று மட்டும் அடையாளம் தெரிகிற நிலைக்கு 1. அச்சிலிருந்து அப்போதுதான் விழுந்ததுபோன்ற நிறைவான நிலைக்கு 70. அன்றைய சந்தையில் அந்தச் சதங்களில் மோசமானது ஒரு டொலர் பெற்றால் மிகச் சிறந்தது ஏறக்குறைய எழுபது டொலர் பெற்றது. அதாவது எழுபது என்பது தரத்தின் அளவாகப் பிறக்கவில்லை, விலையின் விகிதமாகப் பிறந்தது. சில வருடங்களில் சந்தை விலை எங்கேயோ போய்விட்டது. எண் மட்டும் நின்றுவிட்டது.

அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972இல் போலிக் காசுகளைக் கண்டறிய ஒரு சேவையைத் தொடங்கியது. 1977இல் அச்சங்கம் வெளியிட்ட தர நெறிமுறை ஷெல்டனின் எண்களை எல்லா அமெரிக்கக் காசுகளுக்கும் பொதுவாக்கியது. 1979 முதல் அதே சேவை காசுகளுக்குத் தரமும் இடலாயிற்று. இதற்குக் காரணம் வியாபாரத்தின் பழைய நோய்தான். விற்கும்போது அதே காசு புத்தம்புதியது, திருப்பி வாங்கும்போது அது தேய்ந்தது. 60க்கு மேற்பட்டவை எல்லாம் புழக்கத்துக்குப் போகாத காசுகள் என்றாலும் 63க்கும் 65க்கும் இடையே விலை பல மடங்கு வித்தியாசப்படும். அந்த இரண்டு புள்ளியை யார் தீர்மானிப்பது என்பதுதான் சண்டை. 1986இல் பீ.சீ.ஜீ.எஸ். என்ற நிறுவனமும் 1987இல் என்.ஜீ.சீ. என்ற நிறுவனமும் இந்தச் சண்டைக்குள் மூன்றாம் ஆளாக வந்தன. தாம் இட்ட தரத்துக்கு உத்தரவாதம் கொடுத்து, காசைப் பேழைக்குள் பூட்டிக் கொடுத்தன. அதற்குப் பிறகு காசைக் கையிலெடுத்துப் பார்க்காமலே வாங்கவும் விற்கவும் முடிந்தது. இப்போது சீட்டையும் பேழையையும் சேர்த்தே போலி செய்கிறார்கள் என்பது வேறு கதை.

ஷெல்டனின் கதை அத்தோடு முடியவில்லை. அவர் 1977இல் இறந்தார். பிற்பாடு வெளிவந்த விடயம் அளவுகோலைவிடச் சுவையானது. நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பில் அன்பளிப்பாகக் கிடைத்த அருமையான செப்புச் சதங்கள் இருந்தன. அங்கே சுதந்திரமாகப் போய்வந்த ஷெல்டன், நல்ல சதங்களை எடுத்துக்கொண்டு தன்னிடமிருந்த தரங்குறைந்தவற்றை அவற்றின் இடத்தில் வைத்துவிட்டார். காசுக்குத் தரம் சொல்லிக் கொடுத்தவர் காசை மாற்றி வைத்தவர்! விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அவரைக் காட்டிக்கொடுத்தவை அந்தக் காசுகளின் பழைய புகைப்படங்கள். தர எண் ஒன்று போலவே எத்தனையோ காசுகளுக்கு இருக்கலாம். குறித்த ஒரு கீறல், குறித்த ஒரு கறை ஒரு காசுக்கு மட்டுந்தான் இருக்கும். இதை வாசித்த அன்றே லாரினை எடுத்து மேசையில் வைத்து இரண்டு பக்கமும் படம் பிடித்தேன்.

நான்கு மாதங்களுக்குப் பிறகு ஐந்து சதத்தின் முடிவு வந்தது. மருமகன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. சீட்டில் எண் இல்லை. "எக்ஸ்.எஃப். டீட்டெயில்ஸ், கிளீன்ட்" என்றிருந்தது. பொறிப்பு நன்றாக எஞ்சியிருக்கிறது, ஆனால் காசு துலக்கப்பட்டது, ஆகவே எண் தரமாட்டோம் என்பது அதன் பொருள்.

துலக்கியவன் நான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் பாடசாலைத் தமிழ்மொழித் தினக் கண்காட்சிக்கு, காசில் தமிழ் எழுத்து என்ற தலைப்பில் ஒரு மேசை போட்டிருந்தேன். கறுத்துப்போன காசை யார் பார்ப்பார்கள் என்று பித்தளை துலக்கும் திரவம் ஊற்றி, பழந்துணியால் தேய்த்து, பழப்புளியும் சாம்பலும் போட்டு மறுபடி தேய்த்து, பளபளவென்று வைத்தேன். அதிபர் பாராட்டினார். வாப்பா மட்டும் காசைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு மகன் இப்பிடி உரிச்சு வெச்சிருக்கிறாய்?" என்று கேட்டார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. செப்பின்மேல் நூற்று நாற்பது வருடமாகப் படிந்த பழுப்பு ஒரு தோல்தான். அதை உரித்தால் அடியில் வருவது பழைய காசின் நிறமல்ல, காயத்தின் நிறம். விளக்கின் கீழே காசைச் சரித்துப் பிடித்தால் ஒரே பக்கமாக ஓடும் மயிர்க்கீறல்கள் தெரியும். உலகத்தின் மறுகோடியில் என் பெயர் தெரியாத ஒருவர் அதைத்தான் பார்த்திருக்கிறார். நான் போட்ட கீறலை நான் ஒளிக்க முடியவில்லை. அவர் சொன்னது சரி. இதில் கோபிக்க ஒன்றுமில்லை.

இந்தக் கண் அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததல்ல. அறபு மொழியில் இலக்கிய விமர்சனத்துக்கு நக்த் என்று பெயர். நல்ல திர்ஹத்தையும் கள்ளத் திர்ஹத்தையும் பிரித்தெடுப்பதுதான் அந்தச் சொல்லின் முதற்பொருள். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் குதாமா இப்னு ஜஃபர் கவிதை விமர்சனத்துக்கு எழுதிய நூலின் பெயரே 'நக்துஷ் ஷிஃர்'. அவருக்கு நூறு வருடம் முந்திய இப்னு சல்லாம் அல்ஜுமஹி, கவிதையை அறிவது தீனாரையும் திர்ஹத்தையும் சோதிப்பது போன்றது என்கிறார். காசின் நன்மை நிறத்திலும் இல்லை, தொடுகையிலும் இல்லை, மேலே உள்ள முத்திரையிலும் இல்லை, தேர்ந்த நாக்கித் பார்த்தமாத்திரத்தில் அறிகிறான் என்பது அவர் கருத்தின் சாரம். கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் தீனாரையும் 79இல் திர்ஹத்தையும் புதிய எழுத்து வடிவில் வெளியிட்டபோது எடை கறாராக வரையறுக்கப்பட்டது. தீனார் ஏறத்தாழ 4.25 கிராம், திர்ஹம் ஏறத்தாழ 2.97 கிராம். எகிப்தில் அந்த எடையைச் சரிபார்க்கக் கண்ணாடியால் படிக்கற்கள் வார்த்தார்கள். உலோகப் படியை அராவிக் குறைக்கலாம். கண்ணாடியை அராவினால் தெரிந்துவிடும்.

தமிழிலும் இதற்கு ஒரு தொழிற்பெயர் இருந்தது. சங்கப் புலவர்களில் வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்போரை மாணவர்களுக்குப் படிப்பித்திருக்கிறேன். வண்ணக்கன் என்றால் பொன்னையும் நாணயத்தையும் சோதிப்பவன். காசைப் பார்த்த அதே கண்ணால் பாட்டையும் பார்த்திருக்கிறார்கள்போலும். மட்டக்களப்புப் பகுதிக் கோயில்களின் நிருவாகத்தில் இன்றும் வண்ணக்கர் என்ற பதவி உண்டு. பக்கத்து ஊர்த் தமிழ் நண்பர்கள் அந்தச் சொல்லை நாளாந்தம் சொல்கிறார்கள், அதற்குள் ஒரு காசுச் சோதகன் இருப்பதை நினைக்காமலே.

இனி லாரினுக்கு வருகிறேன். 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியான தன் நூலில் அங்கே புழங்கிய மூன்று வகைக் காசுகளை விவரிக்கிறான். ஒன்று போர்த்துக்கேயர் அடித்தது. மூன்றாவது பணம் எனப்படும் மிகச் சிறிய காசு. அது அரசனுக்கே உரியது, வேறு எவரும் அடித்தால் மரண தண்டனை. இரண்டாவதாக அவன் சொல்லும் தூண்டில் வடிவ வெள்ளிக் காசுதான் விசித்திரமானது. அரசனின் அனுமதியோடு அதை யாரும் செய்யலாம், விரும்பிய அடையாளத்தையும் அதில் பதிக்கலாம். அப்படியென்றால் வாங்குகிறவன் எதை நம்புவது? வெள்ளியில் சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்களாம். தூய வெண்மையாக வந்தால் செல்லும், வராவிட்டால் செல்லாது. நொக்ஸ் அந்த வெள்ளியை ஸ்பானிய வெள்ளிக் காசைவிடத் தூயது என்று மெச்சுகிறான்.

இதை வாசித்தபோது எனக்குப் பல வருடமாக இருந்த ஒரு குழப்பம் தீர்ந்தது. எங்கள் வீட்டு லாரினின் எழுத்தை வாசிக்க முடியாது. ஊர் மௌலவியிடம் காட்டினேன், அவருக்கும் முடியவில்லை. எழுத்துப்போன்ற கோடுகள், ஆனால் எழுத்தல்ல. எச். டபிள்யூ. கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலைப் புரட்டியவர்களுக்கு இது புதினமல்ல. இலங்கையிலேயே செய்த லாரின்களில் அறபு-பாரசீக எழுத்து பார்த்து எழுதப்பட்டுச் சிதைந்துபோயிருக்கும். கண்டியில் இருந்த கொல்லனுக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடல் கடந்து வந்த வெள்ளியின் முகம் அப்படித்தான் இருக்கும் என்பது தெரிந்தால் போதும். வாசிக்கத் தெரியாதவர்கள் மத்தியிலும் அறபெழுத்தின் சாயலுக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை இந்த நாட்டின் கரையோரங்களில் யார் உண்டாக்கினார்கள் என்று எமது வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சாயலோடு அவர்கள் நிற்கவில்லை, நெருப்பும் வைத்துப் பார்த்தார்கள்.

எங்கள் லாரினில் வளைவுக்குச் சற்று மேலே ஒரு வெட்டு இருக்கிறது. உளி வைத்துத் தட்டிய வெட்டு. உள்ளேயும் வெள்ளிதானா என்று எவனோ ஒரு வியாபாரி பார்த்திருக்கிறான். எழுபது புள்ளி அளவுகோலில் அந்த வெட்டு ஒரு சேதம், சீட்டில் அதையும் எழுதிவிடுவார்கள். எனக்கோ அந்தக் காசின் மிக முக்கியமான எழுத்தே அதுதான். அது கைமாறிய காசு என்பதற்கும், ஒருவன் ஐயப்பட்டு, பிறகு ஏற்றுக்கொண்டான் என்பதற்கும் வேறு சாட்சி இல்லை. இயந்திரம் அச்சடித்த அமெரிக்கச் செப்புச் சதத்துக்குப் பிறந்த அளவுகோலை, கம்பி இழுத்து வெட்டி மடித்துக் கையால் அடித்த பொருளின்மேல் வைத்தால் அளவுகோலும் தடுமாறும், பொருளும் தடுமாறும். ஐந்து சதத்துக்கு அது சரியான நீதிபதி. லாரினுக்கு அல்ல.

மருமகன் விடவில்லை. "அது சின்னக் கம்பித்துண்டு மாமா. பொக்கெட்டுக்குள்ள போட்டுட்டுப் போனா ஆரு பாக்கப்போறாங்க?" என்றான். இதற்கிடையில் நான் சட்டத்தையும் பார்த்துவிட்டேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அந்தப் பட்டியலில் நாணயமும் அடங்கும். தொல்பொருள் திணைக்களத் தலைவரின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. தரமிட்டுத் திரும்பி வரத்தானே போகிறது என்பது சுங்கத்தில் எடுபடாது. லாரின் போக முடியாது. "வாப்பாட காச நான் கள்ளக் கடத்தல் பண்ணச் சொல்றியா?" என்று கேட்டேன். "அப்பிடி இல்ல மாமா" என்று சிரித்தான். பிறகு, "அப்ப இதுக்கு இஞ்ச ஆரு சேர்ட்டிபிகட் குடுப்பாங்க?" என்றான்.

நியாயமான கேள்வி. கொழும்பு தேசிய நூதனசாலையிலும் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலையிலும் நாணயங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எம் வீடுகளில் கிடப்பவற்றுக்கு ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. எத்தனை பழங்காசுகள் எடைக்கு நகைக் கடைகளில் உருகிப்போயின என்பதை நகைக் கடைக்காரர்களே சொல்வார்கள்.

ஆகவே உம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். உம்மாவுக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. கம்பியை உள்ளங்கையில் வைத்ததும், "இது வாப்பாட இல்ல, என்ட" என்றா. நான் இத்தனை வருடமும் வாப்பாவின் காசு என்று சொல்லித் திரிந்தது பிழை. மூத்தம்மாவின் சீதனப் பெட்டகத்தில் இருந்து உம்மாவுக்கு வந்தது அது. வாப்பா பத்திரமாக இருக்கட்டும் என்று தன் தகரப்பெட்டியில் போட்டிருக்கிறார். "மூத்தம்மா இத காசெண்டு சொல்லமாட்டா. ரிதி எண்டுதான் சொல்லுவா. அவட வாப்பாட வாப்பா மாட்டுத் தவளத்தோட ஊவாப் பக்கம் உப்பும் கருவாடும் கொண்டு போனவராம்." ரிதி என்பது வெள்ளிக்கான சிங்களச் சொல். கண்டிப் பகுதியில் லாரினுக்கும் அதுவே பெயர். கரையோரத்து முஸ்லிம் வீடொன்றில் பெண்வழியாக வந்த ஒரு பொருள் மலைநாட்டுப் பெயரோடு நின்றிருக்கிறது. இது முடிவான சான்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் எந்தப் பேழையின் சீட்டிலும் இதற்கு இடமில்லை.

மறுநாள் கடைத்தெரு நகைக் கடையில் லாரினை நிறுத்தேன். 4.7 கிராம் காட்டியது. "உரைச்சுப் பாக்கவா சேர்?" என்று கல்லை எடுத்தார். வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து அமிலம் கலக்காத வெள்ளைக் கடதாசியில் ஒரு உறை செய்து, மேலே எடையும் நீளமும் எழுதினேன். வெட்டு இருக்கும் இடத்தைப் படம்போலக் கீறிக் காட்டினேன். யாரிடமிருந்து யாருக்கு என்ற வரியில் மூன்று பெண்களின் பெயரை எழுதி, உம்மா சொன்ன திகதியையும் போட்டேன். கிடைத்த இடம் என்ற வரியில் ஊவா என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டேன். உம்மா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தை வைத்தா.